ரோட்டுக்குக் கீழே ஒரு தறி

"பழைய ரோட்டைச் சுரண்டிட்டுப் போடுங்கண்ணே" என்றார் ஸ்வர்ணலதா அக்கா.

எங்கள் தெருவில் தார் போட வந்த காண்ட்ராக்டரின் ஆள் மாணிக்கவேல், கையிலிருந்த காகிதத்தை விரித்துப் பார்த்தார். "எஸ்டிமேட்ல சுரண்டுறது இல்லைங்களே அக்கா. மேலயே போடச் சொல்லித்தான் இருக்குது."

"மேல மேல போட்டுகினே இருந்தா என் வீடு எங்க போறது?"

"வீடு எங்கயும் போவாதுக்கா. அங்கயேதான் இருக்கும்."

"இன்னும் ரெண்டு தபா போடுங்க. அப்பறம் ஜன்னல் வழியா எறங்கிக்கிறோம். கதவு மிச்சம்."

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். மாணிக்கவேலும் சிரித்தார். "நான் சம்பளத்துக்கு வந்தவங்க்கா. ஆபீஸ்ல மனு குடுங்க."

"குடுத்து மூணு மாசம் ஆச்சு."

"அப்போ இன்னொண்ணு குடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் ரோலர் பக்கம் போனார். மதியத்துக்குள் தெரு அரைச் சாண் உயர்ந்துவிட்டது.

அந்த மனுவை எழுதிக் கொடுத்தவள் நான். அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கிறேன்.

இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் தேசூரிலிருந்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, அக்கா மூன்று படி ஏறி உள்ளே போனாராம். இப்போது ரோட்டிலிருந்து இரண்டு படி இறங்க வேண்டும். அவரும் கணவர் சந்திரமோகனும் பட்டு நெய்வது குழித்தறியில். மிதிகட்டைகள் தரையில் வெட்டிய குழிக்குள் இருக்கும். வாசலைத் தாண்டும் மழைத்தண்ணீர் முதலில் அந்தக் குழியில்தான் நிறையும். சாயப்பட்டறைக் கழிவும் கலந்து வருவதால் ஒரு நாள் சிவப்பாக இருக்கும், ஒரு நாள் பச்சையாக. அது பட்டில் பட்டால் அந்தப் புடவை போனதுதான்.

தரையை மண் கொட்டி உயர்த்தச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு எல்லப்பன் அப்படித்தான் செய்தார். இப்போது வீட்டுக்குள் குனிந்து நடக்கிறார். அக்கா வீட்டில் தறிக் கயிறுகள் கூரை விட்டத்திலிருந்து தொங்குகின்றன. தரை உயர்ந்தால் தறிக்கு இடமில்லை.

ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கும் ஒருவரை வேலூரிலிருந்து அழைத்து வந்தார்கள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். இரண்டு பக்கமும் பொதுச்சுவர், வரிசையிலுள்ள ஐந்து வீட்டையும் சேர்த்துத் தூக்கினால்தான் உண்டு என்றார்.

"இப்பத்தான் மண்ணு கொட்டினேன். என்னையும் சேத்துத் தூக்குவியா?" என்று எல்லப்பன் மறுத்துவிட்டார். மறுபக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. அதன் சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார், போனை எடுப்பதில்லை.

இரண்டாவது மனுவைத் தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக எழுதினேன். இரண்டுக்கும் ஒரே பதில், பரிசீலனையில் உள்ளது என்று.

அக்கா வாசலில் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் தடுப்பு கட்டினார். சும்மா பெய்கிற மழைக்கு அது போதும். ஆனால் மார்க்கெட் ரோடு ஒருவழிப்பாதை ஆனதிலிருந்து பஸ்ஸும் வேனும் எங்கள் தெரு வழியாகத்தான் போகின்றன. தேங்கிய தண்ணீரில் ஒரு பஸ் போனால் போதும், அலை எழும்பித் தடுப்பைத் தாண்டிவிடும்.

போன ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலையிலிருந்து விடாத மழை. தறியில் இருந்தது ஒரு கல்யாணப் புடவை, இன்னும் இரண்டு நாள் வேலை பாக்கி. நான் குடையோடு இறங்கிப் போனபோது சந்திரமோகன் குழிக்குள் நின்று வாளியில் மொண்டு கொடுக்க, அக்கா வாங்கி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"பாப்பா, எங்களால கைய விட முடியல. நீ கொஞ்சம் தெருமுனையில போய் நின்னு, வர்ற வண்டிங்கள மெதுவா போகச் சொல்றியா? சண்டை போடாத. அவங்க பேஜாராயிட்டா இன்னும் ஸ்பீடா போவாங்க."