தோஹாவில் நான் கண்ட வெனிஸ்

இதைப் படிக்கும் மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் அம்மையார் அவர்களுக்கும் வணக்கம்.

இத்தாலி நாட்டின் புகழ்பெற்ற இடங்களைச் சுற்றிப் பார்த்தவர்கள் எழுதிய பயணக் கட்டுரைகளை எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் நான் விரும்பிப் படிப்பதுண்டு. நான் எழுதப்போவதும் ஒருவகையில் அத்தகையதே. ஆயினும் நான் இத்தாலிக்குப் போனவன் அல்லன். கோவில்பட்டிக்கு அருகில் பிறந்து, சுவருக்கு வண்ணம் பூசும் தொழிலோடு கத்தார் நாட்டுக்குச் சென்று, அங்கேயே வெனிஸ் நகரத்தைக் கண்டவன். பள்ளிப் படிப்பு குறைவு; பிறகு நானாகப் படித்துக்கொண்டதே மிகுதி. எழுத்தில் பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு வாக்கில் தோஹா நகரின் ஓரத்தில் ‘மால்’ என்னும் பெரிய வணிக வளாகம் ஒன்றைக் கட்டினார்கள். அதன் உட்புறம் முழுவதும் இத்தாலியைப் போல் அமைய வேண்டும் என்பது திட்டம். நடுவில் கால்வாய், அதன்மேல் கற்பாலம், இரு கரையிலும் மாடி வீடுகள், தலைக்கு மேலே வண்ணத்தில் தீட்டிய வானம். வானத்தைத் தீட்டியவர்கள் வேறு குழுவினர். வீடுகளின் சுவர்கள் எங்கள் பொறுப்பு.

சுவர்கள் அச்சில் வார்த்த பலகைகளாக லாரியில் வந்து இறங்கின. பலவற்றில் வெடிப்பு ஓடியிருந்தது. சில இடங்களில் காரை பெயர்ந்து உள்ளிருக்கும் செங்கல் தெரிந்தது. ‘வழியில் குலுங்கி உடைந்துவிட்டது போலும்’ என்று எண்ணி, நானும் என் குழுவினரும் ஒரு வாரம் முழுவதும் வெடிப்புகளைப் பட்டி வைத்து அடைத்து, எமரித் தாளால் தேய்த்து, ஒரு கரையின் வீடுகள் அத்தனையையும் கண்ணாடிபோல் வழவழப்பாக்கி வைத்தோம். பார்க்க வந்த எகிப்து நாட்டு சூப்பர்வைசர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“ஏ க்யா கியா? சப் நயா! நயா மாஃபி! புரானா சாஹியே, புரானா!”

புதிது வேண்டாம், பழையது வேண்டும் என்று கத்துகிறார். வெடிப்பெல்லாம் வேண்டுமென்றே வார்க்கப்பட்ட வெடிப்பாம். பழைய சுவரைப் புதிதாக்கியே வயிறு வளர்த்த எங்களுக்கு அது எப்படித் தோன்றும்? வைத்த பட்டியை நாங்களே உளியால் சுரண்டி எடுத்தோம்.

“அண்ணாச்சி, நம்மூர்ல இப்படி ஒரு வீட்ட முடிச்சிக் குடுத்தா வீட்டுக்காரன் செருப்பத் தூக்கிட்டு வருவான்” என்றார் என் அறைத் தோழர். அவர் தூத்துக்குடிக்காரர்; வயதில் எனக்கு இளையவர்; வாய் சும்மா இராது.

அதன்பிறகு சூப்பர்வைசர் ஒரு புகைப்படத் தொகுப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். இத்தாலியின் பெயர்பெற்ற இடங்கள் அனைத்தும் அதில் இருந்தன. பாதி இடிந்த வட்ட அரங்கம், சாய்ந்த கோபுரம், பளிங்குத் தேவாலயங்கள். எங்கள் வேலைக்கு உரியவை கால்வாய் வீடுகள் மட்டுமே. மற்றவற்றைச் சாப்பாட்டு வேளையில் புரட்டிப் பார்ப்போம். சாய்ந்த கோபுரத்தைக் காட்டி, “நம்ம கொத்தன் கட்டியிருந்தா அன்னைக்கே ஆள மாத்தியிருப்பானுவ. வெள்ளைக்காரன் கட்டினதால உலகமே வந்து பாக்குது” என்பார் தூத்துக்குடிக்காரர்.

என் பங்குக்கு வந்த வீடு பாலத்தை ஒட்டியது. செம்மண் நிறச் சுவர். மாடியில் பச்சைக் கதவுகள் கொண்ட ஒரு ஜன்னல். ஒரு கதவு சற்றே திறந்திருக்கும். ஜன்னலின் கீழே மழைநீர் வழிந்த கறை இருக்க வேண்டும். மழையே பெய்ய இயலாத ஒரு கூரையின்கீழ், பல ஆண்டு மழை வழிந்த கறையை நான் ஸ்பாஞ்சினால் ஒற்றி ஒற்றி உண்டாக்கினேன். படத்தையும் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில், அந்த வீட்டை நன்கு பழகியவன் போலாகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மட்டுமே எங்களுக்கு விடுமுறை. அன்று நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பிலிருந்து பேருந்து பிடித்து நஜ்மா கடைத்தெருவுக்கு வந்து, ஒரு கடையில் போன் கார்டு வாங்கி, ஊரிலிருக்கும் என் மனைவியிடம் பேசுவேன். எங்கள் பேச்சு எப்போதும் கடன், சீட்டு, கல்யாணம், மொய் என்று போய் முடியும். என் வேலையைப் பற்றி அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இந்த ஜன்னலைப் பற்றி ஏனோ சொன்னேன்.

“அந்த வீட்டுல யாரு குடியிருக்காக?” என்று கேட்டாள்.

“யாரும் இல்ல. ஜன்னலுக்குப் பின்னால இரும்புச் சட்டமும் ஏசிக் குழாயுந்தான்.”

“ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குங்க ஜன்னலு?”

“பாக்குறவுகளுக்கு.”

அவள் சிரித்தாள். போனில் அவள் சிரித்து நான் கேட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது. பிறகு, “கால்வாய்ல தண்ணி விட்டதும் பாருங்க. ஜன்னலு தண்ணியில தெரியுதான்னு எனக்குச் சொல்லணும்” என்றாள். அன்று முதல் ஒவ்வொரு வெள்ளியும் அவளது முதல் கேள்வி, “தண்ணி விட்டாச்சா?” என்பதே. கடனும் சீட்டும் அதற்குப் பின்னரே வந்தன. கடல் கடந்து கிடந்த எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பொருள் கிடைத்திருந்தது.

நான் கண்டது வறண்ட கால்வாய்தான். தண்ணீர் விடுவதற்கு முன்பே எங்களை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பும் டூட்டி. மால் திறந்த செய்தி வந்ததும், அடுத்த வெள்ளியன்று சலவைச் சட்டை அணிந்து போனேன். வாசலில் நின்ற நேபாளி காவலர் கையை நீட்டித் தடுத்தார்.

“பாய், ஆஜ் ஃபேமிலி டே. பேச்சிலர் மாஃபி.”

வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வருபவர்களுக்கு மட்டும் என்பது அங்கே வழக்கம். எனக்குத் திருமணமாகிப் பேரன் பேத்தி காணும் வயதாகிவிட்டது, மனைவி ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் எடுத்துரைத்தேன்.

அவர் சினமின்றியே பதில் சொன்னார்: “பீவி காவ் மே, தோ ஃபேமிலி காவ் மே. இதர் தும் பேச்சிலர்.”

மனைவி ஊரில் என்றால் குடும்பமும் ஊரில்தான். இங்கே நீ தனியாள். அவருக்கும் ஊரில் மனைவி இருந்திருக்கக்கூடும்.

மறுபடியும் ஒரு வெள்ளி போனேன். “ஃபிர் ஆயா? பீவி ஆயா?” என்று, மறுபடி வந்தாயா, மனைவி வந்தாளா எனக் கேட்டுச் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார். தூத்துக்குடிக்காரர், “இத்தாலிக்குப் போறதுக்கு விசா வேணும்பாக. இந்த இத்தாலிக்குப் பொண்டாட்டிதான் விசா” என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அவ்வாண்டு என் ஒப்பந்தம் முடிந்தது. உடம்பும் ஒத்துழைக்கவில்லை, ஊருக்கே திரும்பிவிட முடிவு செய்தேன். விமானம் ஏறுமுன் எஞ்சியிருந்தது ஒரே வெள்ளி. அவள் கேட்டதற்கு விடையில்லாமல் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற எண்ணமே எனக்குப் பெரிதாக இருந்தது. மூன்றாம் முறையாகப் போனேன். காவலரிடம் நான் மன்றாடுவதைக் கேட்டு, பின்னால் வந்த ஒரு குடும்பம் நின்றது. கணவன், மனைவி, சிறு பெண் குழந்தை, கோயம்புத்தூர்ப் பக்கத்தவர்கள்.

“ஏனுங்க, நீங்க தமிழுங்களா? உள்ள என்ன வேலைங்க?” என்று அந்த அம்மையார் கேட்டார்.

“உள்ள ஒரு சுவருக்கு நான் வண்ணம் பூசினேன்மா. தண்ணி விட்ட பிறகு பாக்கல. அடுத்த வாரம் ஊருக்குப் போறேன்.”

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் தயங்கினார். “ஏதாவது பிரச்சனை ஆயிருமா...”

“என்ன பிரச்சனை? உங்கப்பான்னு சொல்லுங்க.”

“எங்கப்பாவுக்கு இத்தன முடி கெடையாது.”

“செரி, அப்ப எங்கப்பா.” குழந்தையிடம் குனிந்து, “தாத்தா கையப் புடிச்சுக்கோ கண்ணு” என்றார்.

“ஹி இஸ் நாட் மை தாத்தா” என்றது குழந்தை. ஆயினும் பிடித்துக்கொண்டது.

காவலர் எங்களை நால்வராகப் பார்த்தார். என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். “அச்சா, தாதாஜி. ஜாவோ” என்று சொல்லி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நன்மையை நான் மறந்ததில்லை.

கதவைத் தாண்டியதும் குழந்தை கையை விட்டுவிட்டது. நான் அவர்களை விட்டு விலகினால் உள்ளிருக்கும் காவலர்கள் கேட்பார்கள் என்று, அவர்கள் நின்ற இடமெல்லாம் நின்றேன். மளிகைப் பகுதியில் தள்ளுவண்டியைத் தள்ளினேன். காலணிக் கடையில் காத்திருந்தேன். கால்வாய்ப் பக்கம் போகாமலே திரும்பிவிடுவார்களோ என்று அஞ்சினேன். நல்லவேளையாகக் குழந்தை படகில் ஏற வேண்டுமென்று அழுதது.

அங்கே தண்ணீர் இருந்தது. பச்சையும் நீலமும் கலந்த தெளிந்த தண்ணீர். அதில் என் செம்மண் சுவர் தலைகீழாக நின்றது. பச்சை ஜன்னலும் நின்றது. அதன் கீழே தீட்டப்பட்ட வானமும் மேகமும். ஒரு படகு அதன்மீது சென்றது. ஜன்னல் பல துண்டாகச் சிதறிற்று. படகு போனதும் மெல்ல மெல்லக் கூடி, சற்றே திறந்த கதவோடு மறுபடி முழுமையாயிற்று. என்னைச் சுற்றிலும் குடும்பங்கள் பேசிக்கொண்டு போயின. ‘இதோ பார்’ என்று சொல்ல என்னருகில் ஒருவருமில்லை.

“எதுங்க நீங்க அடிச்ச செவுரு?” என்று அம்மையார் கேட்டார். காட்டினேன்.

அவர் கறையையும் வெடிப்பையும் பார்த்து முகம் வாடினார். “அச்சோ, முடிக்கறதுக்குள்ள உங்கள மாத்திட்டாங்களா?”

“ஆமாம்மா” என்றேன். விளக்குவதற்கு மனம் வரவில்லை. அவர் எனக்காக வருந்தியதே போதுமானதாக இருந்தது.

பின்னர் கணவர் தம் கேமராவை என்னிடம் நீட்டினார். மூவரும் பாலத்தருகே நின்றார்கள். அவர்கள் தலைக்குமேல் ஜன்னல் வருமாறு நிறுத்தி நான் படம் எடுத்தேன். வெளியே வந்ததும் அவர்கள் காரை நோக்கியும் நான் பேருந்தை நோக்கியும் பிரிந்தோம். குழந்தை, “பை அங்கிள்” என்றது.

நஜ்மாவிலிருந்து மனைவியை அழைத்தேன்.

“ஒரு குடும்பம் என்னைய உள்ள கூட்டிட்டுப் போச்சு. தண்ணியில தெரிஞ்சிச்சு” என்றேன்.

“முழுசா தெரிஞ்சிச்சா?”

“முழுசா.”

“கூட்டிட்டுப் போனவுக நல்லவுகளா?”

“நல்லவுக.”

“போட்டோ எடுத்தாகளா?”

“நான்தான் எடுத்தேன்.”

“அப்ப அதுல நீங்க இல்லையா?”

“ஜன்னல் இருக்கு.”

“அது போதும்” என்றாள். அன்று கடன் பேச்சும் சீட்டுப் பேச்சும் எழவில்லை. கார்டு தீரும்வரை, கதவு எந்தப் பக்கம் திறந்திருந்தது, படகு போனபின் ஜன்னல் கூடுவதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்றே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் படம் எந்த வீட்டில் உள்ளதோ நான் அறியேன். அங்கே பணிபுரியும் யாரேனும் ஒரு வண்ணக்காரர், என்னைப்போலவே நல்லெண்ணத்தோடு, வெடிப்பை அடைத்துக் கறையைப் பூசி மறைத்திருக்கவும் கூடும். அந்த ஜன்னல் தண்ணீரில் தெரிந்ததை அறிந்த இருவரில் இப்போது நான் ஒருவனே இருக்கிறேன்.

ஆகவே, ஐயா, அம்மையீர், இத்தாள்களை எறிந்துவிடாமல் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.