கோப்பிக்கடை ஒழுங்கையில் ஒரு விரதம்

அந்த வெள்ளிக்கிழமை நான் விரதம் என்று சொன்னது பொய். காலையில் இரண்டு இடியப்பத்தைச் சம்பலோடு தின்றுவிட்டுத்தான் சுன்னாகத்தில் பஸ் ஏறினேன். பொய் சொல்ல வேண்டி வரும் என்று முன்னமே தெரிந்ததால் திருநீற்றைக் கொஞ்சம் தடிப்பாகவே பூசியிருந்தேன்.

என்னோடு உடுவிலில் படித்த சிநேகிதி ஒருத்தி லண்டனில் இருந்து வந்திருந்தாள். நாங்கள் கண்டு முப்பது வருடம் இருக்கும். நல்லூர்ப் பக்கம், விடுதியாக மாற்றிய பழைய வீடொன்றில் அறை எடுத்திருந்தாள். அந்தப் பக்கத்து ஒழுங்கைகள்தான் இப்போது யாழ்ப்பாணத்தில் ஆட்கள் போய்ப் படம் எடுக்கும் இடம். வீட்டுக்கு வீடு கோப்பிக்கடை, ஐஸ்கிறீம் கடை, துணிப்பை விற்கிற கடை. மதிலெல்லாம் சித்திரம்.

"குறைஞ்ச செலவில ஒரு நாள் சுத்திப் பாப்பமடி," என்று போனில் சொன்னாள். "நான் அதை வீடியோவா எடுத்துப் போடப்போறன். வாற செலவைப் பாதி பாதியாப் பிரிப்பம். இப்ப எல்லாரும் அப்பிடித்தானே."

ஓம் என்றேன். ஓம் என்று சொல்வதற்குக் காசு தேவையில்லை.

குறைந்த செலவு அவளுக்கு ஒரு விளையாட்டு. எனக்கு அது சீவியம். மேசன் வேலை செய்த என் கணவர் சாரத்தில் இருந்து விழுந்து இடுப்பை உடைத்த நாளில் இருந்து, ஒரு ரியூசன் கொட்டிலில் பிள்ளைகளின் வரவு எழுதி வீட்டைக் கொண்டிழுக்கிறேன். தேங்காய் வாங்கினால் மீன் இல்லை, மீன் வாங்கினால் தேங்காய் இல்லை. ஊருக்கு வந்த சிநேகிதியை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு நேரச் சோறு போடாதவள் என்ன மனிசி என்று எனக்கே என் மேல் எரிச்சல். கூப்பிட்டால் அவர் கட்டிலில் கிடப்பதைக் காண்பாள், கூரையைக் காண்பாள். அதனால் கூப்பிடவில்லை.

அவளுக்கு முன்னால் நான் இல்லாதவளாய் நிற்கக்கூடாது. அன்று எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வேறு யாருக்கு முன்னால் நின்றாலும் பரவாயில்லை. அவள் என்னைக் கண்டது நான் எல்லாம் இருந்தவளாய் இருந்த காலத்தில்.

விடுதிப் படலையடியில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன், அது பொய்யில்லை. கண்ணைத் துடைத்த கையோடு போனைத் தூக்கினாள். ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தோம். நடக்கக் காசில்லை, அதனால் எனக்கு அந்த ஒரு மணித்தியாலம் சந்தோசமாகவே போனது. ஒரு கடையில் பனையோலைப் பெட்டி தொங்கியது. விலையைக் கேட்கச் சொல்லி என்னை முன்னுக்குத் தள்ளினாள்.

"நீ கேள். என்ரை கதையில வெளிநாடு மணக்கும்."

கேட்டேன். அந்த விலைக்கு எங்கள் சந்தையில் ஒரு கிழமை மரக்கறி வாங்கலாம். கடைக்காரப் பெட்டை என் செருப்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளைப் பார்த்து வெளிநாடு மணப்பது போல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வந்தேன்.

வெயில் ஏற, சிநேகிதி ஒரு கோப்பிக்கடைக்குள் நுழைந்தாள். நல்ல கல்வீடு. ஆனால் விறாந்தைக்கு மேல் காசு கொடுத்துக் கிடுகு வேய்ந்து ஏழை வீடாக்கி வைத்திருந்தார்கள். அம்மியில் பூச்சாடி. ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஜாம் போத்தல் விளக்கு. சண்டையால் ஊருக்கு எண்ணெய் வராத காலத்தில் பஞ்சைத் திரித்துப் போட்டு, அடியில் கொஞ்சமாய் மண்ணெண்ணெய் விட்டு, மூக்குக்குள் கரி போகப் போக நாங்கள் படித்த அதே விளக்கு. இங்கே அதற்குள் மின்குமிழ்.

"ஐயோ, எவ்வளவு வடிவா இருக்கு பார்!" என்று அதைப் படம் எடுத்தாள்.

அந்த விளக்கைத் தூக்கி நிலத்தில் அடிக்க வேண்டும் போல இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

விலைப்பட்டியல் வந்தது. நான் வலது பக்கம் இருந்த விலைகளை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தேன். ஆகக் குறைந்தது இஞ்சித் தேத்தண்ணீர். அதன் விலைக்கும் என் கணவரின் ஒரு நாள் மருந்துக்கும் பெரிய வித்தியாசமில்லை.

"உனக்கு என்னடி?"

"எனக்கு ஒண்டும் வேண்டாம். நான் விரதம்."

அவள் பட்டியலில் இருந்து தலையை நிமிர்த்தினாள். என்னைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

"கோப்பி குடிக்கலாம்தானே?"

"இல்லையடி. தண்ணி மட்டும்தான். பின்னேரம் கோயிலுக்குப் போட்டு வந்துதான் சாப்பாடு."

"ஓ. வெள்ளிக்கிழமை, என்ன," என்று சொல்லிவிட்டுத் தனக்கு மட்டும் கோப்பியும் சொக்கிளேற் கேக்கும் சொன்னாள்.

கேக் வந்தது. நான் ஜாம் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு அந்த விரதம் என்ற சொல் எங்கே இருந்து வந்தது என்று உறைத்தது. அது அவளுடைய சொல். அவளிடம் எடுத்து அவளுக்கே விற்றிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் தவணை நடுவே வந்து சேர்ந்தவள் அவள். சண்டையில் அவர்கள் ஊரில் செல் விழுந்து வெடித்து, உடுத்த உடுப்போடு இடம்பெயர்ந்து, ஒரு உறவுக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் நாங்கள் பெட்டியைத் திறப்போம். "நான் விரதம்" என்பாள் அவள். திங்கள் ஒரு விரதம், செவ்வாய் ஒரு விரதம், வெள்ளி கேட்கவே வேண்டாம். "சாமியார்" என்று அவளைப் பகிடி பண்ணுவோம். அவளும் சிரிப்பாள். எங்கள் அப்பாவுக்குச் சுன்னாகம் சந்தையில் வெங்காயக் கடை. என் பெட்டியில் எப்போதும் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை, கடித்த வடையும் பிசைந்த சோறுமாக, எழுதி முடித்த கொப்பித் தாளில் சுற்றி அவளிடம் கொடுப்பேன்.

"விரதம் முடியச் சாப்பிடு," என்பேன்.

இரண்டு கையாலும் வாங்குவாள். இந்தக் கதையை நான் என் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! அந்தக் காலத்தில் நான் ஒரு பிள்ளையைப் பட்டினி கிடக்கவிடவில்லை என்று. இல்லாமல் போன பிறகு என்னிடம் மிஞ்சியிருந்த ஒரே சொத்து அந்தக் கதை.

அவள் கேக்கை ஆறுதலாக, அவசரப்படாமல் தின்று முடித்தாள். ஒரு துண்டுகூட என் பக்கம் நீட்டவில்லை. அதற்குப் பிறகு ஐஸ்கிறீம் கடை. அங்கேயும் நான் விரதம். போனைத் தூரப் பிடித்து எங்கள் இருவரையும் அதற்குள் அடக்கி, "இவ என்ரை பள்ளிக்கூடச் சிநேகிதி. இண்டைக்கு விரதம். அதால எங்களுக்குச் செலவு பாதியா மிச்சம்," என்று சிரித்தாள். நான் போனுக்குள் சிரித்தேன். இடியப்பம் செமித்துக் கனநேரம். கோயில் வீதிக் குழாயில் இரண்டு தரம் தண்ணீர் குடித்தேன்.

பின்னேரம் பஸ் எடுக்க வந்த இடத்தில் மர வாங்கில் குந்தியிருந்தோம். அவள் கையில் ஒரு மட்டைப் பெட்டி. எந்தக் கடையில், எப்போது வாங்கினாள் என்று நான் கவனிக்கவில்லை.

"எடி," என்றாள், பஸ் வாற பக்கம் பார்த்துக்கொண்டு. "பள்ளிக்கூடத்தில நான் ஒரு நாளும் விரதம் இருக்கேல்லை."

"அது எனக்கு அப்பவே தெரியும்," என்றேன். அதுவும் உண்மைதான். தெரிந்துகொண்டுதான் அவளுக்கு முன்னால் இருந்து சாப்பிட்டேன்.

"உனக்குத் தெரியும் எண்டு எனக்கும் தெரியும்," என்றாள்.

"அதுதானே மிச்சத்தைச் சுத்தித் தந்தனான்."

"நீ தந்ததை நான் சாப்பிட்டதில்லையடி. போற வழியில பனங்காணி வேலிக்கு மேலால எறிஞ்சுபோட்டுத்தான் வீட்டை போறனான். ஒரு நாளும் சாப்பிடேல்லை."

அவள் கோபமாய்ச் சொல்லவில்லை. மழை பெய்தது, வெயில் எறித்தது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். எனக்குக் காது சுட்டது. முப்பது வருடமாய் நான் ஊட்டி வளர்த்த புண்ணியத்தை ஒரு வேலிக்கு மேலால் தூக்கி எறிந்துவிட்டாள்.

"அப்ப, இண்டைக்குக் கோப்பிக்கடையில உனக்கு விளங்கினதுதானே," என்றேன். "ஒரு தேத்தண்ணி வாங்கித் தந்திருக்கலாமே."

"வாங்கித் தந்திருந்தா நீ குடிச்சிருப்பியோ?"

குடித்திருக்க மாட்டேன்.

பஸ் வந்தது. பெட்டியை என் மடியில் வைத்தாள். "விரதம் முடியச் சாப்பிடு," என்றாள். "எறிஞ்சாலும் நான் கோவிக்க மாட்டன்."

நான் இரண்டு கையாலும் வாங்கினேன். அப்படி வாங்குகிறேன் என்று வாங்கின பிறகுதான் கண்டேன்.

யன்னல் சீற்றில் இருந்தேன். கொக்குவில் வரைக்கும் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. அவள் தின்று வைத்த மிச்சம்தான் உள்ளே இருக்க வேண்டும் என்று மனம் வேண்டிக்கொண்டது. பாதிக் கேக்கும் கரண்டி போட்ட கோடும் இருந்தால் போதும், சாகும் வரைக்கும் அவளைத் திட்டலாம். திறந்தேன். யாரும் கை வைக்காத முழுக் கேக் துண்டு, இரண்டு மரக்கறி றோல்ஸ், மடித்து வைத்த கடதாசித் துவாய். நான் அவளுக்கு ஒரு நாளும் அப்படிக் கொடுத்ததில்லை.

வழியெல்லாம் வேலியும் மதிலும் காணியும்தான். யன்னல் திறந்துதான் இருந்தது. கையை நீட்டினால் போதும்.

பதினாலு வயதில், வீடு வாசல் இழந்து, மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் படுத்தெழும்பிக்கொண்டு அவள் எறிந்தாள். நான் ஒரு றோலைக் கடித்தேன். பிறகு மற்றதையும். வீட்டில் இருக்கிறவருக்கு ஒரு துண்டு வைக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. இணுவில் தாண்டும்போது கேக்கும் முடிந்தது. பெட்டி மூலையில் ஒட்டியிருந்த சொக்கிளேற்றை விரலால் வழித்து நக்கினேன்.

வீட்டுக்குள் போக, கட்டிலில் இருந்தபடி அவர் கேட்டார்: "என்ன, சிநேகிதி நல்லாச் சாப்பாடு வாங்கித் தந்தவவோ?"

"இல்லை," என்றேன். "நான் விரதமெல்லே."