அப்பாவுக்கு அரைத்த சோறு

சோறு, பருப்பு, மீன், பூசணிக்காய் நான்கையும் ஒன்றாக மிக்சியில் போட்டு அரைத்தால் எழுகிற மணம் அந்த நான்கில் எதனுடையதும் அல்ல. வெதுவெதுப்பான, சற்றே புளித்த மணம் அது. நிறமோ பூச்சுவேலைக்குக் குழைத்த சீமெந்தின் நிறம். என் பத்தாவது வயதில் ஒரு மாரிகாலம் முழுவதும் எங்கள் கொடிகாமத்து வீடு அந்த மணத்திலேயே கிடந்தது.

அப்பா சந்தையில் தேங்காய் மொத்தமாக வாங்கி விற்றவர். அவர் ஒரு மூலையில் நின்று கத்தினால் மறு மூலையில் லொறிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் தோசையின் விளிம்பு முறுக வேண்டும், மீன் பொரியல் முறுக வேண்டும், அப்பளம் கொஞ்சம் நமுத்திருந்தாலும் "இதென்ன, நனைஞ்ச கடதாசியோ?" என்று சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கி எறிவார். ஒரு வருடப்பிறப்பன்று எறிந்த கோப்பை அம்மாவின் நெற்றியைக் கிழித்தது. இரத்தத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டே அம்மா எண்ணெய்ச் சட்டியை மறுபடி அடுப்பில் வைத்ததை நானும் அக்காவும் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த மனிதர் ஒரு நாள் சந்தையிலேயே பாரிசவாதம் வந்து விழுந்தார். மூன்று கிழமை கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது முகத்தின் ஒரு பக்கம் தொங்கிப்போயிருந்தது, பேச்சு போய்விட்டது, விழுங்கவும் வராது. அங்கே விழுங்கப் பழக்குகிற மிஸ் ஒருவர் அம்மாவை இருத்தி எல்லாம் விளக்கினார். பச்சைத் தண்ணீர் நெஞ்சுக்குள் போய்விடும், ஆகவே தண்ணீரைக்கூட மாக் கரைத்துக் காய்ச்சி, கரண்டியிலிருந்து தேன்போல வழிகிற பதத்தில்தான் கொடுக்க வேண்டும். நிமிர்த்தி இருத்தி, நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, தேக்கரண்டியால் ஊட்ட வேண்டும். சாப்பிடும்போது தனியே விடக்கூடாது. கறிகளை வேறு வேறாக மசித்து வைத்தால்தான் எதைச் சாப்பிடுகிறோம் என்று அவருக்குத் தெரியும். அம்மா ஒவ்வொன்றுக்கும் "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்றா.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் ஒரே மிக்சிக்குள் போயின.

"அம்மா, மிஸ் வேறை வேறையா மசிக்கச் சொன்னவாவெல்லே?" என்று கேட்டேன்.

"வயித்துக்கை போனா எல்லாம் ஒண்டுதானே," என்றா அம்மா, என்னைப் பார்க்காமல்.

தனியே விடக்கூடாது என்ற சொல்லை மட்டும் அம்மா அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தா. அப்பாவின் கதிரையை எங்கள் சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டா. முன்பு கிழமைக்கு ஒரு நாள் பொரித்தவ இப்போது நாள்தோறும் பொரித்தா: அப்பளம், மோர்மிளகாய், சூடைமீன். நாங்கள் கடிக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அப்பாவின் கண்கள் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குத் தாவும். தொங்கிய உதட்டோரத்தால் வீணீர் வடியும். அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மா ஒரு நாளும் எங்களை அதட்டவில்லை.

ஒரு மழை விட்ட மத்தியானம் அக்கா பள்ளிக்கூடத்தில். காய்ச்சல் என்று நான் வீட்டில் நின்றேன். "கடைக்குப் போட்டு வாறன், கொப்பருக்கு மிச்சத்தைத் தீத்து," என்று அம்மா போனா. ஊட்டுவதை எங்கள் பக்கத்தில் 'தீத்துவது' என்போம். இரண்டு கரண்டிக்குப் பிறகு அப்பா வாயை மூடிக்கொண்டு, மேசையிலிருந்த அப்பளத்தைப் பார்த்தார். நான் ஒன்றை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். வாய் திறந்ததும் இழுத்துக்கொண்டேன். மறுபடி நீட்டினேன், இழுத்துக்கொண்டேன். அது ஒரு நல்ல விளையாட்டாக இருந்தது. மூன்றாவது முறை, வாதம் தொடாத, வழங்குகிற கை பாய்ந்து வந்து என் விரல்களோடு அதை நொறுக்கிப் பறித்து வாய்க்குள் அடைத்தது.

இருமல் வரவில்லை. சத்தமே வரவில்லை. கண்கள் பிதுங்கி, உதடுகள் நாவற்பழ நிறமாயின. நான் "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டு திரும்பினேன். வாசலில் அம்மா நின்றா, கையில் கடைப் பையோடு. என்னைப் பார்த்தா, அப்பாவைப் பார்த்தா. நின்றுகொண்டேயிருந்தா. ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திப் பத்துவரை எண்ணக்கூடிய நேரம் அது. அதன் பிறகுதான் பை விழுந்தது. பாய்ந்து வந்து, அவரைக் குனிய வைத்து, முதுகில் அறைந்து, வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தா. அப்பா மூச்சை இழுத்த சத்தம் கிணற்றில் துலா கிறீச்சிடுவதுபோல இருந்தது.

மறுநாளிலிருந்து கோப்பையில் நான்கு சிறு குவியல்கள் வேறு வேறாக இருந்தன. அப்பா அம்மாவின் கரண்டிக்கு வாய் திறக்கவில்லை. என் கரண்டிக்கும் திறக்கவில்லை. அக்கா தீத்தினால் மட்டும் விழுங்கினார். தைப்பொங்கலுக்கு முதல் கிழமை, நெஞ்சுச் சளிக் காய்ச்சலில் போய்விட்டார்.

இப்போது அந்த வீடு எங்களுடையது அல்ல. வாங்கியவர்கள் இடித்து மாடி கட்டிவிட்டார்கள். அக்கா கனடாவில். அம்மா கொக்குவிலில் என்னோடு இருக்கிறா. யாருக்காவது பாரிசவாதம் என்று கேள்விப்பட்டால் அம்மா தானாகவே போய் அந்த வீட்டாருக்குப் பதம் சொல்லிக் கொடுப்பா. "வேறை வேறையா மசியுங்கோ. என்ரை மனிசனுக்கு நான் ஒரு குறையும் வைக்கேல்லை. வேணுமெண்டா உவளைக் கேளுங்கோ," என்று என் பக்கம் கையைக் காட்டுவா.

அப்பளம் எப்படி அவர் கைக்குப் போனது என்று அம்மா என்னிடம் இன்றுவரை கேட்டதில்லை.

"ஓம்," என்பேன் நான் அந்த வீட்டாரிடம். "அம்மா நல்லாப் பாத்தவா."