மீன்களுக்கு விருந்து வைத்த நாள்

போன வருடம் ஆடி மாதம், காரைக்குடியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. பக்கத்து வீட்டு அக்கா மெக்காவுக்கு உம்ரா பயணம் கிளம்பும்போது, தன் தங்கமீன்களைத் தொட்டியோடு கொண்டுவந்து எங்கள் ஹாலில் வைத்தார். பிள்ளைகள் வெளிநாட்டில். கணவர் காலமான பிறகு அவருக்குப் பேச்சுத்துணையே அந்த மீன்கள்தான். "இது அமானிதம் தங்கச்சி, நம்பி ஒப்படைச்சுட்டுப் போறேன். தீனி ஒரு சிட்டிகைக்கு மேல போட்றாத. என்னன்னாலும் போன் போடு" என்று சொல்லிவிட்டு, என் கையை ஒரு தரம் அழுத்திப் பிடித்துவிட்டுக் கிளம்பினார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஒரு நாள் பராமரிப்பு வேலை என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம்தான் வரும். எங்கள் இன்வெர்ட்டர் பேட்டரி எப்போதோ உயிரை விட்டிருந்தது. 'அடுத்த வாரம் மாத்திடலாம்' என்று என் கணவர் எத்தனை வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று மட்டும் கேட்காதீர்கள். அன்றைக்கென்று பார்த்து, பள்ளத்தூரிலிருந்து என் நாத்தனார் குடும்பம் பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் அடுப்படியில் வெண்டைக்காய் மண்டியும் வடையுமாக வெந்துகொண்டிருந்தேன். தொட்டியின் காற்று மோட்டார் நின்றுபோனது என் நினைவிலேயே இல்லை.

"மதினி, மீனுகளப் பட்டினி போட்டுருக்கீகளா? எல்லாம் மேல வந்து வாயப் பொளக்குதுக" என்று ஹாலிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள்.

எங்கள் ஊரில் வாயைத் திறந்தவர்களைச் சாப்பிட வைக்காமல் அனுப்பும் வழக்கம் உண்டா என்ன? "டப்பா பக்கத்துலதான் இருக்கு, போடுங்க போடுங்க" என்று நானும் தாராளமாகச் சொன்னேன். அவள் போட்டாள். அவள் கணவர் போட்டார். கூட வந்த உறவினர்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். போடப் போட மீன்கள் இன்னும் அதிகமாக வாயைத் திறந்தன. 'பாவம், என்ன பசியோ' என்று யாரோ இரண்டு பருக்கைச் சோற்றையும் போட்டிருக்கிறார்கள்.

இலை போட ஹாலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் கலங்கியிருந்தது. மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. புனித யாத்திரைக்குப் போனவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று பார்த்தால், வேறு வழியும் தெரியவில்லை. போன் போட்டுத் தேம்பிக்கொண்டே சொன்னேன்.

அக்கா பதறவில்லை. "அதுகளுக்குப் பசி இல்லம்மா, காத்துப் பத்தல. முதல்ல மிதக்குற தீனிய வடிகட்டியால அள்ளு. கொஞ்சம் தண்ணிய எடுத்துட்டு, நேத்துப் பிடிச்சு வச்ச தண்ணி இருந்தா விடு. மூடியத் தொறந்து வச்சுட்டு, தொட்டித் தண்ணியவே சொம்புல மொண்டு உசரத்துலருந்து ஊத்து. கரண்டு வர்ற வரைக்கும் விட்டுவிட்டு ஊத்திக்கிட்டே இரு."

உயரத்திலிருந்து ஆற்றுவதற்கு எங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? நாத்தனாரின் கணவர் ஜரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காபி ஆற்றுவது போல ஊற்ற ஆரம்பித்தார். கை வலித்ததும் சொம்பு என் கணவர் கைக்குப் போனது. முறை வைத்து ஒருவர் ஊற்ற மற்றவர்கள் சாப்பிட்டார்கள். பாயசத்தை யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. எல்லார் கண்ணும் தொட்டி மேலேயே இருந்தது. மெல்ல மெல்ல மீன்கள் கீழே இறங்கின. சாய்ந்து கிடந்ததும் நிமிர்ந்து வாலை ஆட்டியபோது ஹாலே கைதட்டியது. அப்புறம்தான் கரண்டு வந்தது.

அக்கா திரும்பி வந்ததும், சோற்றுப் பருக்கை வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு மீன்களைப் பார்த்தபடியே, "எங்க வீட்டுக்காரவுக மவுத்தாகி என்னய விட்டுப் போனப்ப எனக்கும் இதே கதிதான். வந்தவுகள்லாம் சாப்புடு, சாப்புடுன்னாக. எனக்கு மூச்சு விடத்தான் முடியல" என்றார் சாதாரணமாக.

அவர் கணவர் இறந்த அன்று, இட்லித் தூக்கோடு முதல் ஆளாகப் போய் நின்றது நான்தான்.

இப்போதும் என் வீட்டுக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் போக முடியாது, அதில் மாற்றமில்லை. ஆனால் யாராவது வாடிய முகத்தோடு படியேறி வந்தால், இலை போடுவதற்கு முன்னால் அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துகொள்கிறேன்.