நட்டவள் பெயர்

ஸ்பானிஷ் படிக்க, ஸ்பெயினில் நெல் விளையும் வலென்சியாவுக்குப் போனபோது நான் தங்கிய வீட்டுக்கார அம்மாளுக்கு ஒற்றைநாடிச் சரீரம், கரகரத்த குரல். சாப்பாட்டு மேசையில், தட்டிலிருக்கும் சோற்றுக்கான அரிசியை விளைவித்தவர் பெயரைச் சொல்லி நன்றி கூறிவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவார்.

“தஞ்சாவூரில் நாங்களும் நெல் பயிரிடுகிறவர்கள்தான்” என்று ஒருநாள் பீற்றிக்கொண்டேன்.

அவர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். “நடுவது யார்?”

“ஆட்கள்.”

“பெயர்?”

எத்தனை ஏக்கர் என்று சொல்லத் தெரிந்த எனக்கு ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“பேரு எதுக்குடா? அங்கயும் கூலிச் சங்கத்துக்காரன் வந்துட்டானா?” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் வாயில் வந்த ஒரு பெயராக “செல்லம்மா” என்றேன். நான் ஊர் திரும்பும்வரை அந்த அம்மாள் தினமும் செல்லம்மாவுக்கும் சேர்த்தே நன்றி சொன்னார். நானும் கண்ணை மூடி, பக்தியாகத் தலையாட்டினேன்.