கேஜில் அகப்படாத காய்ச்சல்

ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்று வந்தால் நோய் இல்லை என்றுதான் நம்பியிருந்தேன். ஓசூர் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்பவனுக்கு வேறெப்படித் தோன்றும்? கேஜ் என்கிற அளவுக்கருவிக்குள் பாகம் சரியாக நுழைந்தால் பச்சை அட்டை, இல்லாவிட்டால் சிவப்பு. நடுவில் ஒன்றும் கிடையாது.

ஜவளகிரியில் மாமனாரின் ராகி வயலுக்குப் போய்வந்த அன்று முழங்காலுக்குப் பின்னால் ஓர் உண்ணி ஒட்டியிருந்தது. பிடுங்கிப் போட்டு மறந்துவிட்டேன். அடுத்த வாரம் காய்ச்சல். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம். செல்போனில் தேடினால் உண்ணிக் கடியால் வரும் லைம் நோய் என்றது. முகம் கோணிக்கொள்ளுமாம், இதயம் தாளம் தப்புமாம். தொழிற்சாலைக் கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று சிரித்துச் சிரித்துப் பார்த்தேன். வாய் இடப்பக்கம் கோணியிருந்தது. வீட்டுக்கு ஓடிவந்து கல்யாணப் படத்தைப் பார்த்தேன். அதிலும் அப்படியேதான் இருந்தது.

நானே லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். நெகட்டிவ். ஒரு பச்சை அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். மனைவி சிரிக்கவில்லை. முந்தின நாள் வட்டத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டிருந்தாள். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது. அட்டையோடேயே என்னை அரசு மருத்துவமனை டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

"யாரு சார் உங்களுக்குப் பச்சை போட்டது?"

"நான்தாம்மா."

"கழட்டுங்க. இந்த டெஸ்ட் கிருமியத் தேடாது. கிருமிய எதிர்த்து உங்க உடம்பு எதாச்சும் உண்டாக்கியிருக்கான்னு தேடும். அதுக்குச் சில வாரம் ஆகும். நீங்க சீக்கிரமே போய்க் கேட்டுட்டீங்க."

"அப்போ பாசிடிவ் வர்ற வரைக்கும் பாக்கலாமே?"

"அதுக்குள்ள பரவிட்டா? நம்ம பக்கம் இது அபூர்வந்தான். ஆனா வட்டம் பெருசாவுது. மாத்திரை இன்னிக்கே ஆரம்பிக்கணும்."

"பாஸ் ஆனதுக்கு எதுக்கும்மா ரிப்பேரு?"

"ஏங்க, வாய மூடிட்டு மாத்திரைய வாங்குங்க" என்றாள் மனைவி. என் சட்டையிலிருந்த அட்டையை அவளே கழற்றினாள். அதற்குமேல் எனக்கு ஜோக் வரவில்லை.

அந்த டாக்டரம்மா இப்போது கிருஷ்ணகிரிக்கு மாற்றலாகிவிட்டார். மாத்திரைகளை முழுதும் சாப்பிட்டேன். வட்டம் மறைந்தது, காய்ச்சல் திரும்பவில்லை. சில வாரம் கழித்து எடுத்த பரிசோதனையும் நெகட்டிவ். சீக்கிரமே மருந்து சாப்பிட்டதால் அப்படி வந்திருக்கலாம், நோயே வேறாகவும் இருந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. எனக்கு வந்தது லைம்தானா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.