முத்திரை விழாத நாற்பத்திரண்டு கடிதங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் நான் கைச்சரக்கு சேர்த்தது ஒரு வரிகூட இல்லை. நடந்தது என் அண்ணிக்கு. அவர் சொன்ன நேரங்களைக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். நடுநிசியும் இல்லை, சுடுகாடும் இல்லை. செவ்வாய்க்கிழமை, வெயில் கொளுத்தும் மத்தியானம்.

அண்ணிக்கு ஆவணக் காப்பகத்தில் வேலை. பழைய கடிதங்களைப் படித்து, யார் யாருக்கு எழுதியது, என்ன விஷயம் என்று பட்டியல் போட வேண்டும். "ஊரார் வீட்டு வம்பைப் படிக்க எனக்குச் சம்பளம் தர்றாங்க" என்று சிரிப்பார். லேசில் மிரளுகிற ஆள் இல்லை. வீட்டுக்குள் பாம்பு புகுந்த அன்று என் அண்ணன் நாற்காலி மேல் ஏறி நிற்க, துடைப்பத்தோடு போனது அண்ணிதான்.

காப்பகம் இருக்கும் கட்டடம் நூறு வருஷத்துக்கு முன்னால் பெண்களுக்கான மனநல விடுதியாக இருந்தது. அந்த வாரம் அண்ணியிடம் வந்தது அந்த விடுதியின் பெட்டி ஒன்று. உள்ளே நாற்பத்திரண்டு கடிதங்கள். எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரு தங்கை தன் அக்காவுக்கு எழுதியவை. உறைகளில் தபால்தலை ஒட்டியிருந்தது. முத்திரை மட்டும் விழவில்லை. அவள் எழுத எழுத விடுதிக்காரர்கள் வாங்கி, தபாலில் சேர்க்காமல் உள்ளேயே போட்டு வைத்திருக்கிறார்கள்.

அவள் கதை முதல் கடிதத்திலேயே இருந்தது. பிள்ளை ஜுரத்தில் போய்விட்டது. நாலு மாதம் அவள் யாரோடும் பேசவில்லை. இடம் மாறினால் சரியாகிவிடும் என்று புருஷன் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே விட்டான். பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு ஒன்றும் இல்லை அக்கா. இப்போது நன்றாகப் பேசுகிறேன். வந்து கூட்டிக்கொண்டு போ." கடிதத்துக்குக் கடிதம் அதுதான். இடையிடையே, இரவில் இருமும் பக்கத்துக் கட்டில்காரி, உப்பில்லாத கஞ்சி, சுவரில் எண்ணிய விரிசல்கள்.

அண்ணி படித்த அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு டியூப்லைட், ஒரு இரும்புக் கதவு. ஈரக்காற்று காகிதத்துக்கு ஆகாது என்று கதவைச் சாத்தியே வைப்பார். வெளியே படிக்கட்டு அருகில் காவலாளி உட்கார்ந்திருப்பார். அவரை எல்லோரும் மீசைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சரியாக 2.10-க்குப் பதினேழாவது கடிதத்தைப் பிரித்தார்.

முதலில் வித்தியாசமாகப் பட்டது மடிப்பு. நூறு வருஷம் மடிந்து கிடந்த காகிதம் தொட்டாலே ஒடியும். இது வளைந்தது... புதுத்தாள் மாதிரி.

2.25. இருபதாவது கடிதம். கடைசி வரியில் விரல் பட்டது. விரலில் மை ஒட்டியது.

ஈரம்.

எங்காவது குழாய் ஒழுகுகிறதோ என்று மேலே பார்த்தார். கூரை காய்ந்து கிடந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தார்.

2.40. இருபத்து மூன்றாவது. "அக்கா, இந்த அறைக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. வந்த அன்று நான் அதைக் கவனிக்கவில்லை."

அண்ணி நிமிர்ந்து கதவைப் பார்த்தார்.

கைப்பிடி இல்லை.

காலையிலிருந்து நாலு தடவை அதைத் திருகித்தான் வெளியே போய் வந்திருக்கிறார். இப்போது வழவழவென்று வெறும் இரும்புத் தகடு. ஆணி ஓட்டைகூட இல்லை.

தள்ளினார். அசையவில்லை. இடுக்கில் விரலை விட்டு இழுத்தார். நகம்தான் பிய்ந்தது. போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். சிக்னல் இல்லை.

"மீசைக்காரரே, கதவு மாட்டிக்கிச்சு. கொஞ்சம் தொறங்க."

உள்ளங்கையால் தட்டினார். தட்... தட்... தட்... அப்புறம் இரண்டு கையாலும் குத்தினார். தொண்டை கட்டும்வரை கத்தினார்.

2.58. வெளியே காலடிச் சத்தம். நிதானமாக வந்து கதவுக்கு நேரே நின்றது. சாவிக்கொத்து குலுங்கியது.

"யாரு? மீசைக்காரரா?"

ஒரு பெண் குரல். கோபமே இல்லாமல், சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன குரல்.

"கத்தாதே. கத்தினா இன்னும் ஆறு மாசம்."

காலடி திரும்பிப் போய்விட்டது.

அண்ணி கதவை விட்டு விலகினார். அப்போதுதான் ஒன்று உறைத்தது என்றார். கத்தினால், பைத்தியம். கத்தாமல் இருந்தால், உள்ளே இருக்கச் சம்மதம். எதைச் செய்தாலும் அந்தக் கதவு திறக்காது.

திரும்பினார். மேசையில் அடுத்த கடிதம் பிரிந்து கிடந்தது.

அவர் பிரிக்கவில்லை.

"அழாதே. தலையை வாரிக்கொள். கையை மடியில் வை. அவர்கள் பார்க்கும்போது சிரி."

3.20. விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது.

அண்ணி விரலால் தலையை வாரிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

கை மடிக்குப் போனது... தானாக.

சிரித்தார்.

நிறுத்த முடியவில்லை.

4.45. கதவு திறந்தது. மீசைக்காரர் நின்றார்.

"மணியாச்சும்மா. பூட்டணும்."

"எவ்வளவு நேரமா கத்தறேன். கதவு..."

"கதவு தொறந்துதானேம்மா இருக்கு. மூணரைக்கு வந்து டீ வேணுமான்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லலை. சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தீங்க. சரி, சந்தோஷமா இருக்காங்கன்னு போயிட்டேன்."

கதவில் கைப்பிடி இருந்தது. அண்ணியின் ஆள்காட்டி விரலில் பாதி நகம் இல்லை.

அன்றோடு வேலையை விட்டார். மிச்சக் கடிதங்களை அவருடைய மேலதிகாரியான ஒரு அம்மாள் படித்து முடித்தார். மூன்று வாரம் கழித்து அந்த அம்மாளிடமிருந்து போன் வந்தது. நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"விடுதியோட வாசல் பதிவேடு கிடைச்சிருக்கும்மா. கடிதம் ஒண்ணுகூடப் போகலை, ஆனா அந்த அக்கா தானாவே தேடி வந்திருக்கா. ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் வாசல்லயே திருப்பி அனுப்பியிருக்காங்க. 'தங்கை சுகமாக இருக்கிறாள், யாரையும் பார்க்க விரும்பவில்லை'ன்னு எழுதியிருக்கு."

அண்ணி உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டேன்.

ஏனென்றால் அண்ணிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அவரைக் கூட்டிவரப் போக வேண்டியவன் நான். போகவில்லை. மறந்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

நான் மறக்கவில்லை.

3.12-க்கு அண்ணியின் நம்பரிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அவர் போனில் அதற்குத் தடயமே இல்லை, அவருக்குத் தெரியாமல் எடுத்துப் பார்த்துவிட்டேன். என் போனில் இருக்கிறது. பதினொரு விநாடி. குரல் அண்ணியுடையதேதான்.

"நான் இங்கே சுகமா இருக்கேன். யாரும் வர வேண்டாம்."

"சரி அண்ணி" என்று வைத்துவிட்டேன்.